சேர்த்து விட்ட குஞ்சுகள்

ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். யார் வைத்த பேரோ, வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். திரியைப் பற்ற வைக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் நின்று தீப்பெட்டியைப் பற்றிப் பேசினாலே போதும், வெடித்துவிடுவாள். கோபம் வருகிற இடம் நியாயமான இடமாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. வந்த பிறகு யார் தலையில் போய் விழும் என்பதைத்தான் சொல்ல முடியாது.

அன்றைக்கு லாண்டரிக்கு வருவதற்கு முன்பே வீட்டில் ஒரு சரம் வெடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வீடு மூன்றாவது மாடி. ஒரு கூடம், இரண்டு அறை, துணி காயப்போட ஒரு பால்கனி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு அரைக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்றான வீடு அது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவி நோயில் போய்ச் சேர்ந்ததும் ஒரு மகளோடு நின்றவர். இவளும் முதல் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதும் ஒரு மகளோடு நின்றவள்தான். அவர் மகள் பெரியவள், பதினைந்து வயது. இவள் மகள் சின்னவள், எட்டு. கல்யாணத்தன்று அவர்கள் பேசி வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: உன் பொண்ணு, என் பொண்ணு என்ற பேச்சு இந்த வீட்டில் வரவே கூடாது. இரண்டு வருஷத்தில் இவள் கோபத்துக்குத் தட்டு பறந்திருக்கிறது, டம்ளர் நசுங்கியிருக்கிறது, ஒரு தடவை ரேடியோவே பால்கனி வழியாகக் கீழே போயிருக்கிறது. அந்தப் பேச்சு மட்டும் வந்ததில்லை.

பெரியவள் வாய் திறந்து பேசுகிற ஜாதி இல்லை. கேட்டால் பதில், கொடுத்தால் சாப்பாடு, அவ்வளவுதான். அம்மா செத்த பிறகு மாமா வீட்டில் கொஞ்ச நாள் இருந்தவள், அங்கிருந்து ஒரு நீளக் கண்ணாடித் தொட்டியையும் கொஞ்சம் கறுப்பு மோலி மீன்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடத்தில் சுவரோரம் அதை வைத்தார்கள். சின்னவள் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தே அக்காவை மடக்கிவிட்டாள். யாரோடும் பேசாதவள் மீனைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசினாள்.

மோலி முட்டையிடாது, குட்டி போடும். வயிறு கட்டம் கட்டினாற்போல் புடைத்துவிட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று கணக்கு. போட்ட சூட்டோடு தாயைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தான் பெற்றதைத் தானே விரட்டித் தின்றுவிடும். பெரியவள் தாய் மீன்களைப் பால்கனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, குஞ்சுகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தாள். காலையில் அவிக்கிற முட்டையில் ஒரு கிள்ளு மஞ்சள் கருவை எடுத்து, துணியில் வைத்துத் தண்ணீரில் பிழிவாள். பொடிப்பொடியாகப் பரவும். அதைத் தின்று அந்தக் குஞ்சுகள் விரல் நகம் அளவுக்கு வந்துவிட்டன.

சின்னவளுக்குச் சும்மா இருக்க முடியுமா? பள்ளிக்கூடத்துத் தோழியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கப்பி மீனை வாங்கி வந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. ஊறுகாய் பாட்டில் போன்ற ஒரு கண்ணாடி ஜாடியில் அது குட்டி போட்டது. கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி, பின்னால் ஒரு நூல், அவ்வளவுதான் ஒவ்வொன்றும். தாயைப் பிரித்துவிட்டு அக்காளும் தங்கையும் அந்த ஜாடியைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். எப்போது பெரிய தொட்டியில் விடலாம் என்று சின்னவள் நச்சரித்தாள். ஒரு மாசம் போகட்டும், அப்புறம் சேர்த்து விட்டு ஒண்ணா வளர்ப்போம், இப்போது விட்டால் பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்றுவிடும் என்று பெரியவள் சொன்னாள். கதவுப் பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் காதில் விழுந்தது 'சேர்த்து விட்டு ஒண்ணா வளர்ப்போம்' என்கிற பாதி மட்டும்தான். மீதி விழுவதற்குள் அவர் படியிறங்கியாயிற்று.

அது முந்தின வாரம். அன்று காலை பட்டாசு எழுந்து அடுப்படிக்கு வந்தபோது பெரியவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். ஒரு கையில் மீன் வலை, இன்னொரு கையில் மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு சின்ன பாட்டில். பாத்திரக் கூடையில் சின்னவளின் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதே நேரத்தில் கூடத்திலிருந்து சின்னவளின் அலறல் வந்தது. ஜாடியைக் காணோம் என்று தேடி வந்தவள், அதைக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குஞ்செல்லாம் எங்கே என்று பட்டாசு கேட்டாள். பெரியவள் தொட்டிப் பக்கம் பார்த்தாள். அங்கே மோலிக் குஞ்சுகள் வயிறு உப்பித் திரிந்துகொண்டிருந்தன.

"ரெண்டு மிச்சம் இருக்கு, சித்தி," என்றாள் பெரியவள்.

அவ்வளவுதான். எத்தனையோ குஞ்சு இருந்த இடத்தில் ரெண்டு மிச்சமாம்! அதையும் ஏதோ கடையில் சில்லறை பாக்கி சொல்வது மாதிரிச் சொல்கிறாள். தெரியாமல் செய்தாள் என்றால் பரவாயில்லை. பெரிய குஞ்சு தின்னும் என்று வாயால் சொன்னவளே கையால் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள் என்றால் அந்த மனசு எப்படிப்பட்ட மனசு? பட்டாசு பிடித்துக்கொண்டாள். குழந்தை ஆசை ஆசையாக வளர்த்ததைப் பார்த்து வயிறு எரிந்ததா என்று கேட்டாள். ஊமை மாதிரி இருந்துகொண்டு உள்ளே இவ்வளவு வைத்திருக்கிறாயா என்றாள். கேட்கக் கேட்கப் பெரியவள் வாயே திறக்கவில்லை. அவள் பார்வை சித்திமேல்கூட இல்லை. சித்தியைத் தாண்டி, கூடத்தில் மேஜை முன்னால் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்த அப்பாவின் மேல் இருந்தது.

அந்த மௌனம்தான் பட்டாசுக்கு மண்டைக்கு ஏறியது.

"நீ கொஞ்ச நாள் உங்க மாமா வீட்டுல போய் இரு. என் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. வீடு ஒரு நிமிஷம் கப்சிப் என்று ஆயிற்று. தொட்டியில் எப்போதும் கேட்கிற குமிழிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் முட்டைத் தோட்டைத் தட்டில் சேர்த்து ஒதுக்கினார். கையைக் கழுவினார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரமாச்சு என்று பொதுவாக யாருக்கோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பெரியவள் சின்ன பாட்டிலை ஜன்னல் திட்டின்மேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

லாண்டரியில் வேலை மட்டும் எந்தக் கோபத்துக்கும் காத்திருக்காது. வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக விரிப்புகள் வரும். ரத்தக் கறையைத் தனியாக, மருந்துக் கறையைத் தனியாகப் பிரிக்க வேண்டும். துவைத்துப் பிழிந்து வருவதைச் சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் பலகை மாதிரி வெளியே வரும். அதை இரண்டு பேர் நான்கு முனையில் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். பட்டாசுக்கு எதிர்முனை பிடிக்கிறவள் வெற்றிலை போட்ட மாதிரிச் சிவந்த உதடுள்ள ஒரு நெட்டை அக்கா. எல்லாரும் நெட்டச்சி என்பார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பட்டாசு காலையில் நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வசவு. நெட்டச்சி கேட்டுக்கொண்டே மடித்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ கொட்டிட்டா, சரி. கொட்டுனவ எதுக்குடி வலையத் தூக்கிக்கிட்டு நின்னா?"

பட்டாசு விரிப்பை உதறினாள். நீ சும்மா கிட என்று அவள்மேலேயே பாய்ந்தாள். ஆனால் அந்தக் கேள்வி ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டிக்கொண்டது, சாயங்காலம் வரைக்கும் உரித்துப் போட முடியவில்லை.

வேலை முடிகிற நேரத்தில் போன் வந்தது. பெரியவளின் மாமா. கடைத்தெருக் கோடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். செத்துப்போன தங்கையின் இடத்தில் இன்னொருத்தி வந்ததை அவர் மனசு இன்னும் ஏற்கவில்லை. இரண்டு வருஷத்தில் இவளைத் தங்கச்சி என்றோ அம்மா என்றோ, ஒரு பேச்சுக்குக்கூட எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பிள்ளை இங்கே வந்துவிட்டது, இனி இங்கேதான் இருக்கும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போகிறேன், அதன் துணிமணியைக் கொடுத்தனுப்புங்கள் என்றார். இவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

போகட்டுமே, யாருக்கு என்ன என்று பட்டாசு பஸ்ஸில் வருகிறவரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தாள்.

சின்னவள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சின்ன பாட்டில். உள்ளே இரண்டு கப்பிக் குஞ்சுகள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. அக்காதான் பிடித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறாள், ஜன்னல் திட்டில் இருந்தது என்றாள். சொல்லிவிட்டு, மோலியெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, தண்ணீரை இழுத்துக் குமிழி விடுகிற மோட்டார் ஓடவில்லை என்றாள்.

மோட்டார் சுவிட்ச் தொட்டிக்குப் பின்னால், தரையை ஒட்டி இருந்தது. பட்டாசு மண்டியிட்டுக் கையை விட்டாள். விரலில் துணி தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு சிவப்புத் துணிக் கீற்றைச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

அந்த முடிச்சை அவளுக்குத் தெரியாதா? லிஃப்ட் வேலையில் அதுதான் முதல் பாடம். எதைத் திறந்தாலும் முதலில் கரண்டை அணை, அணைத்த சுவிட்சில் சிவப்புத் துணியைக் கட்டு. கட்டினவன் எவனோ அவன்தான் வந்து அவிழ்க்க வேண்டும். வேறு எவன் கை வைத்தாலும் உள்ளே நிற்கிறவன் உயிர் போய்விடும். பதினெட்டு வருஷப் பழக்கம் அவருக்கு. வீட்டில் மிக்ஸி கழுவினால்கூடத் துணி கட்டுவார், இவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். சின்னக் குஞ்சை மோட்டார் இழுத்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து அணைத்திருக்கிறார். அப்புறம் ஜாடியைக் கொட்டியிருக்கிறார். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். துணியை அவிழ்க்க மறந்துவிட்டார்.

பட்டாசு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. இந்தத் தடவை சத்தம் வரவில்லை. அது அவளுக்கே புதுசாக இருந்தது. ஒரு மக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள், மீனுக்குக் காற்று கிடைக்கட்டும் என்று. கை கடுத்தது. சின்னவள், துணியை அவிழ்த்துவிடலாமே அம்மா என்றாள். தொடாதே என்றாள் பட்டாசு.

லிஃப்ட்காரர் வந்தார். கூடத்தில் கால் வைத்ததும் மனைவி மக்கும் கையுமாக நிற்பதைப் பார்த்தார். தொட்டியின் பின்பக்கம் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பையைக்கூட இறக்காமல் போய்க் குனிந்து துணியை அவிழ்த்தார். மோட்டார் ஓடியது.

அவள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகளும் எழுந்து பார்த்தால் சந்தோஷப்படுவார்களே என்றுதான் விடிகாலையில் சேர்த்து விட்டாராம். எல்லாம் குஞ்சுதானே, தாய்தான் தின்னும், குஞ்சைக் குஞ்சு தின்னும் என்று கண்டாரா? குளித்துவிட்டு வந்து பார்க்கிறார், பாதியைக் காணோம். அதற்குள் பெரியவள் எழுந்து வலையோடு ஓடிவந்துவிட்டாள். சொல்லலாம் என்றுதான் இருந்தாராம்.

"இருந்தீங்கல்ல? அப்புறம் என்ன கேடு?"

"நீ கத்த ஆரம்பிச்சிட்ட. நடுவுல எப்படிச் சொல்றது? ஆறட்டும், சாயங்காலம் சொல்லிக்கலாம்னு..."

"என் வாய்க்குப் பயந்து பெத்த பொண்ணப் புடிச்சுக் கொடுத்திருக்கீங்க. நான் கத்துறவ, ஊருக்கே தெரியும். நீங்க நல்லவராச்சே. நல்லவரு முட்டையில்ல தின்னுக்கிட்டு இருந்தீங்க."

அவர் தலை நிமிரவில்லை. நான் போய்க் கூட்டிட்டு வரேன் என்றார். இவள், நான் போறேன், சொன்னது என் வாய்தானே என்றாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சின்னவள் மட்டும் ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் ஞாயிறு. பட்டாசு லாண்டரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு நேரே சைக்கிள் கடைக்குப் போனாள். துணிமணியைக் கொண்டு போகவில்லை. கடை திறந்திருந்தது. மாமா ஒரு ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், வாங்க என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு, அவர் அந்த ரகம். பெரியவள் உள்பக்கம் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, பழைய செயினை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கருப்பு.

வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு பட்டாசுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். சண்டை போடுகிற குரலிலேயே சொன்னாள்:

"என் பொண்ணுன்னு பிரிச்சுச் சொன்னேன் பாரு, அது தப்பு. வாய் அழுகிப் போகணும் எனக்கு. துணியப் பார்த்துட்டேன். நீ கொட்டலன்னு தெரிஞ்சுபோச்சு."

பெரியவள் செயினைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நீயாவது அப்போதே சொல்லியிருக்கலாமே, துணியை நீயும்தானே பார்த்திருப்பாய் என்றாள் பட்டாசு. பார்த்தேன் என்று அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"ஒரு நாள் மோட்டார் ஓடலன்னா மோலி சாகாது. அது தெரிஞ்சுதான் விட்டுட்டு வந்தேன். கட்டினவங்கதான் அவிழ்க்கணும்னு அப்பாதான் சொல்லுவாரு." கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல எனக்குக் கோபம் இல்ல சித்தி. நீங்க கோபம் வந்தா கண்ணு தெரியாம பேசுவீங்க, எனக்குப் பழகிப்போச்சு. அவருக்குக் கோபமே வரல. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாரு. அவரு பேசுவாரு பேசுவாருன்னு நான் பார்த்துக்கிட்டே நின்னேன்."

சொல்லும்போது குரல் உடையவில்லை, உரத்தது. இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் இவ்வளவு நீளமாகப் பேசி இவள் கேட்டதில்லை. ட்யூபோடு நின்ற மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது, சட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு இங்க வரணும். பாப்பா முன்னாடி சொல்லணும். சொன்னாதான் வருவேன். இல்லன்னா இங்கயே இருந்துக்கறேன்."

பட்டாசு போனை எடுத்தாள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். வேறு எதையும் சொல்லவில்லை. பிறகு கடைப்படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய் இருங்க, அவர் வந்ததும் பேசிக்கலாம் என்று மாமா இழுத்தார். இவள் நகரவில்லை. அவ வராம நானும் போறதா இல்லை என்றாள். வெயில் ஏறியது. வருகிறவர் போகிறவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாமா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "குடி தங்கச்சி, ஆறிப்போயிடும்," என்றார். வைத்த வேகத்தில் உள்ளே போய்விட்டார்.

லிஃப்ட்காரர் வந்தார். பைக்கின் பின்னால் சின்னவள், நெஞ்சோடு அணைத்த பாட்டிலோடு. இறங்கியதும் அவள் அக்காவிடம் ஓடவில்லை, அப்பாவின் பக்கத்திலேயே நின்றாள். அவர் கடைக்குள் வந்தார். மகளைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். கடைசியில் எப்போதும் பார்க்கிற மாதிரி மனைவியைப் பார்த்தார். எத்தனை இடத்தில் அவருக்காக இவள் பேசியிருக்கிறாள்! வீட்டுக்காரரிடம், சூப்பர்வைசரிடம், குழாய்க்காரனிடம். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும், மீதியை அவர் பிடித்துக்கொள்வார். பட்டாசின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு டீ டம்ளரையே பார்த்தாள்.

வேறு வழியில்லை என்று தெரிந்ததும் அவர் சின்னவளின் முன்னால் குந்தினார்.

"குஞ்ச நான்தான்மா கொட்டினேன். அக்கா கொட்டல. அக்கா ரெண்ட காப்பாத்தினா."

சின்னவள் யோசித்தாள். அழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை.

"அப்ப அம்மா அக்காவத் திட்டும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான்மா இருந்தேன்," என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவள் அந்தக் கண்ணீரைப் பார்த்து இளகிவிடவில்லை. மரப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து தங்கையின் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முகம் கடுகடுத்தது.

"தண்ணி மாத்துனீங்களா இல்லையா?"

பாட்டிலை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நேத்துக் காலையில நான் ஊத்துன தண்ணி. அடியில எவ்வளவு அழுக்கு, பாருங்க. மஞ்சள் கருவ அள்ளிக் கொட்டியிருக்கீங்க. மூணு பேரு இருக்கீங்க வீட்டுல, மூணு பேரு! ரெண்டே ரெண்டு குஞ்சு. அதப் பார்த்துக்க முடியலையா உங்களுக்கு?"

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். சின்னவள் விரலைச் சூப்பினாள். லாண்டரியில் யாரும் நம்பப் போவதில்லை, பட்டாசு அந்தப் படியில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பெரியவள் திட்டிக்கொண்டே உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த கனத்த பையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, பாட்டிலை மட்டும் தானே வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.